மெல்லும் வாயும் விழுங்கும் வாயும்

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் பாட்டிமார் சோற்றோடு சேர்த்துப் பரிமாறிய பழமொழி. அள்ளி விழுங்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளையை இதனைச் சொல்லித் தடுத்து நிறுத்தாத வீடு நம்மிடையே அரிது. மனிதனைப் பொறுத்தவரையில் இது முற்றும் பொருந்தும் அறிவுரையே. ஆனால் திண்ணையோரம் படுத்திருக்கும் நாய் இதனைக் கேட்டால் நகைக்கும். கொல்லையில் கட்டியிருக்கும் பசு கேட்டால், "என்ன அவசரம்? முதலில் விழுங்குவோம், பிறகு மெல்லுவோம்" என்று சொல்லும். கோழிக்கோ, மெல்லுவதற்குப் பல்லே இல்லை.

ஒவ்வோர் உயிரின் பல்லும் நாவும் இரைப்பையும் குடலும் அது உண்ணும் உணவுக்கு ஏற்ப அமைந்திருக்கின்றன. இதனை அறிந்துகொள்வது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. நாய்க்கு ஒரு பிடி சோறும், பசுவுக்கு ஒரு வாய்ப் புல்லும், காக்கைக்கு ஒரு கவளமும் வைத்த பின்னரே உண்ணும் வழக்கமுடையவர்கள் நாம். பிழைப்பின் பொருட்டு எந்த ஊருக்குச் சென்றாலும் இவ்வழக்கத்தை நம் குடும்பங்கள் கைவிடுவதில்லை. ஆயினும், அன்போடு நாம் அளிப்பதே சில வேளைகளில் அந்த உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. எந்த வாய்க்கு எது உணவு என்று அறிந்து கொடுப்பதே கொடை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர மாநிலத்தின் எல்லையோரத்தில் அமைந்துள்ளது குடிபாலா. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர். சித்தூர்ச் சீமை மாந்தோப்புக்கும் கரும்புக்கும் கறவை மாட்டுக்கும் பேர்பெற்றது. இவ்வூர்ப் பக்கத்துக் கலியாண வீடு ஒன்றின் கொல்லைப்புறத்தைப் பந்தி முடிந்த நேரத்தில் எட்டிப் பார்த்தால், நான் சொல்லப்போகும் செய்தி முழுவதும் கண்முன்னே நிற்கும். எச்சில் இலைகள் குவிந்த இடத்தில் நாயும் பசுவும் கோழியும் ஒருங்கே கூடுகின்றன. நாய் சோற்றுருண்டையை ஒரே வாயில் விழுங்குகிறது. பசு வாழையிலையை நாவினால் சுருட்டி இழுத்து, இலையோடு ஒட்டியிருப்பது எதுவாயினும் உள்ளே தள்ளுகிறது. கோழி ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்குகிறது. இலை ஒன்றே, உண்ணும் முறை மூன்று.

நாயின் கத்தரி வாய்

மனிதனுக்குப் பற்கள் 32. நம்முடைய கீழ்த்தாடை மேலும் கீழும் மட்டுமல்லாமல் இடமும் வலமும் அசையும். ஆகவே நம் கடைவாய்ப் பற்கள் அம்மிபோல் அரைக்கின்றன. அரைக்கும்போதே உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிடுகிறது. வெறும் சோற்றை ஒரு பிடி வாயிலிட்டு நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தட்டும். நம் ஜீரணம் வாயிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதுவே சான்று. பாட்டியின் பழமொழிக்கும் இதுவே பொருள்.

வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. மேல்வரிசையில் 20, கீழ்வரிசையில் 22. நம்மைவிடப் பத்துப் பற்கள் மிகுதியாக இருந்தும் அது மெல்லுவதில்லை. ஏனெனில் அதன் தாடை கதவின் கீலைப்போல் மேலும் கீழுமாக மட்டுமே இயங்கும்; பக்கவாட்டில் அரைக்க இயலாது. மேல்தாடையில் ஒரு பெரிய பல்லும் கீழ்த்தாடையில் ஒரு பெரிய பல்லும் இருபுறத்திலும் கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் ஒன்றையொன்று உரசி இறங்குகின்றன. நாய் எலும்பைக் கடிக்கும்போது தலையைச் சாய்த்து வாயின் ஓரத்தில் வைத்துக் கடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கத்தரி இருக்குமிடம் அதுவே. தொண்டைக்குள் போகும் அளவுக்குத் துண்டாக்குவதோடு நாயின் வாய்க்கு வேலை முடிந்தது.

நாயின் உமிழ்நீரில் மாவுச்சத்தை மாற்றும் சக்தி இல்லையென்றே சொல்லலாம். வழவழப்பாக்கி உள்ளே வழுக்கிவிடுவதே அதன் தொழில். உண்மையான சமையலறை நாயின் இரைப்பையே. அது வேண்டும்போது வெகுவாக விரிந்து கொடுக்கும். அதில் ஊறும் அமிலம் இறைச்சியையும் பச்சை எலும்பையும் கரைக்கும் அளவுக்கு வலிமையுடையது. உணவு அங்கே பல மணி நேரம் தங்கிக் கரைகிறது. நாயின் மூதாதையாகிய ஓநாய்கள் கூட்டமாக வேட்டையாடின. வீழ்ந்த இரையைச் சுற்றிப் பல வாய்கள் கூடும்போது, பொறுமையாக மெல்லுபவனுக்கு எலும்பே மிஞ்சும். அந்தப் பழைய அவசரம், நாம் தனித் தட்டில் சோறு வைத்தாலும் நாயை விட்டு நீங்கவில்லை.

அவசரமாக விழுங்கும் பிராணிக்கு இயற்கை ஒரு தற்காப்பும் அளித்திருக்கிறது. ஒவ்வாததை நாய் எளிதில் கக்கிவிடும். ஓநாய் வேட்டையில் விழுங்கி வந்த இறைச்சியைக் குகையில் காத்திருக்கும் குட்டிகளுக்குக் கக்கி ஊட்டுவதும் இத்திறமையினாலேயே. குட்டி ஈன்ற பெண் நாய்கள் சில இன்றும் இவ்வாறு செய்வதுண்டு. பார்ப்பவர்களுக்கு அருவருப்பாகத் தோன்றும் இச்செயல் உண்மையில் தாய்மையின் ஊட்டல்.

நாயின் ஜீரணத்தைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவின் உழைப்பால் கிடைத்தது. ஜீரண நீர்கள் சுரக்கும் விதத்தை நாய்களிடம் ஆராய்ந்ததற்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. உணவு வாயில் படுவதற்கு முன்னரே, உணவு கொண்டு வருபவரின் காலடி ஓசையிலேயே நாய்க்கு உமிழ்நீர் ஊறுவதை அவர் கண்டார். நம் வீட்டில் தட்டு ஒலித்ததும் நாக்கைத் தொங்கவிட்டு வந்து நிற்கும் நாயும் அதே பாடத்தையே நடத்துகிறது.

நாய் இறைச்சி தின்னும் இனமாயிற்றே, அது எப்படி நம் சோற்றையும் கேழ்வரகுக் களியையும் தின்று வாழ்கிறது என்று கேட்கலாம். இதற்கு 2013இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு விடை கண்டனர். மாவுச்சத்தைக் கரைக்கும் ஜீரண நீர் நாயின் கணையத்திலிருந்து குடலில் சுரக்கிறது. அதனை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் பொதுவாக 2 பிரதிகளே உள்ளது. நாயிடமோ 4 முதல் 30 வரை பெருகியிருக்கிறது. மனிதன் பயிர் செய்து தானியம் உண்ணத் தொடங்கிய பிறகு, அவன் வாசலில் காத்துக் கிடந்த நாயின் குடலும் மெல்ல மெல்ல அவன் சமையலுக்குப் பழகிக்கொண்டது. நன்றியுள்ள பிராணி என்று நாயைச் சொல்கிறோம். அது தன் குடலையே நமக்காக மாற்றிக்கொண்டிருக்கிறது!

பூனையின் கதை வேறு. அதற்கு 30 பற்களே உண்டு. அவையும் குத்திக் கிழிக்கவும் நறுக்கவும் மட்டுமே பயன்படுவன. இறைச்சியோ மீனோ இன்றிப் பூனை நலமாக வாழ முடியாது. இனிப்புச் சுவையை அறியும் மரபணுவே பூனையிடம் செயலிழந்துள்ளது என்று 2005இல் கண்டறியப்பட்டது. பாயசத்தை நக்கும் பூனை பாலின் கொழுப்பை நாடுகிறதேயன்றிச் சர்க்கரையை அன்று.

பசுவின் நான்கு அறைகள்

இனிப் பசுவிடம் வருவோம். பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. அவ்விடத்தில் கடினமான ஈறு ஒன்று மட்டும் இருக்கிறது. சொரசொரப்பான நீண்ட நாவைப் புல்லின்மேல் சுற்றி வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் அந்த ஈறுக்கும் இடையே பற்றி, தலையை அசைத்து அறுத்து, இரண்டு மூன்று முறை பேருக்கு மென்று விழுங்கிவிடும். ஆட்டின் உதடு நுட்பமானது. முள்ளுக்கு நடுவே இருக்கும் தளிரையும் அது தேர்ந்து கொய்யும். சுவரொட்டியைத் தின்னும்போதும் பசை தடவிய இடத்தை ஆடு நன்கறியும். பசுவின் தடித்த உதட்டுக்கு இத்தேர்ச்சி இல்லை. நா எதனைச் சுருட்டுகிறதோ அது உள்ளே போகும். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எனக்கு, பசுவின் வயிற்றைப் பற்றிப் படித்தபோது ஒரு பெரிய சரக்கு நிலையமே நினைவுக்கு வந்தது. வரும் வண்டிகளை எல்லாம் முதலில் உள்ளே வாங்கிக்கொண்டு, பிறகு ஓய்வாகப் பிரித்து, உரிய தடத்தில் அனுப்புவதே அங்கு நடக்கும் வேலை. பசுவின் வயிறு நான்கு அறைகளையுடையது. முதல் அறை மிகப் பெரியது. பெரிய கறவைப் பசுவுக்கு அது 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். மேய்ந்தது எல்லாம் முதலில் இங்கே குவிகிறது. இரண்டாம் அறையின் உட்சுவர் தேன்கூடுபோல் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாம் அறை புத்தகத்தின் ஏடுகள்போல் மடிப்பு மடிப்பானது. நான்காம் அறையே நம்முடையதைப் போன்ற அமிலம் சுரக்கும் இரைப்பை.

மேய்ந்து முடித்த பசு நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கியதைச் சிறு உருண்டைகளாக மீண்டும் வாய்க்கு வரவழைத்து, இம்முறை நிதானமாக, பக்கவாட்டில் தாடையை ஆட்டி அரைக்கிறது. ஓர் உருண்டைக்கு 40 முதல் 60 முறை மெல்லும். இவ்வாறு அசைபோடுவதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7, 8 மணி நேரம் செலவாகிறது. பெரிய கறவைப் பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. சோடா உப்பின் தன்மையுடைய அவ்வுமிழ்நீர், முதல் அறையில் புளிப்பு அளவுக்கு மீறாமல் காக்கிறது. பசு மூங்கிலின் நிழலில் கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருப்பது சோம்பலன்று; அஃது அதன் அலுவலக நேரம்.

புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரைக் கரைக்கும் ஜீரண நீர் பசுவிடம் இல்லை. அவ்வேலையைச் செய்பவை முதல் அறையில் கோடி கோடியாக வாழும் நுண்ணுயிர்கள். இட்லி மாவு பானையில் புளிப்பதுபோல் அங்கே புல் புளிக்கிறது. அப்போது அசிட்டிக் அமிலம் முதலான சில அமிலங்கள் உண்டாகி, அறையின் சுவர் வழியே இரத்தத்தில் கலந்து பசுவுக்கு வலிமை தருகின்றன. அசிட்டிக் அமிலத்தின் ஒரு பங்கே மடியில் பாலின் கொழுப்பாகிறது. உடன் உண்டாகும் வாயுவைப் பசு ஓயாமல் ஏப்பமிட்டு வெளியேற்றுகிறது. பணி முடிந்த நுண்ணுயிர்களும் பின் அறைகளுக்குச் சென்று தாமே ஜீரணமாகிப் பசுவுக்குப் புரதம் அளிக்கின்றன. புல் தின்னும் பசு உண்மையில் நுண்ணுயிர்களை வளர்க்கிறது; அவையே அதனை வளர்க்கின்றன.

சித்தூர்ச் சீமைக்கே உரிய புங்கனூர் இனத்துப் பசு சுமார் 3 அடி உயரமே உடையது. குட்டையான இப்பசு குறைந்த தீனியில் கொழுப்பு மிகுந்த பாலைத் தருவதால் புகழ்பெற்றது. அருகி வந்த இவ்வினத்தைப் பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் பேணி வருகிறது. காய்ந்த தாளையும் வரப்புப் புல்லையும் பாலாக்கும் வித்தை அச்சிறு வயிற்றுக்குள்ளும் நடக்கிறது.

வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் போக்குவரத்து முடங்கியபோது, திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலிருந்து டில்லி நிஜாமுதீன் நிலையத்திற்குத் "தூத் துரந்தோ" என்னும் தனிப் பால் ரயில் விடப்பட்டது. ஒவ்வொரு தொட்டி வண்டியும் 40,000 லிட்டர் கொண்டது. அந்நாட்களில் டில்லித் தமிழர் வீட்டுக் காப்பியில் கலந்த பாலில் ஒரு துளியேனும் இப்பகுதிப் பசுக்கள் அசைபோட்ட புல்லாக இருந்திருக்கலாம். ஆதலால் பசுவின் வயிற்றைப் பற்றிய பேச்சு மாடு வளர்ப்பவர்களுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்க வேண்டுவதில்லை.

குதிரை, யானை, கோழி

புல் தின்னும் பிராணிகள் யாவும் அசைபோடுவன அல்ல. குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு, இரைப்பை ஒன்றே. அது முதல் முறையிலேயே நன்கு மென்று விழுங்குகிறது. நாரைப் புளிக்க வைக்கும் வேலை குடலின் பிற்பகுதியில் நடக்கிறது. பசுஞ்சாணம் மெழுகுபோல் இருக்க, குதிரையின் சாணத்தில் நார் நாராகத் தெரிவதற்குக் காரணம் இவ்வேறுபாடே.

யானையும் குதிரையின் வழியைச் சேர்ந்தது. தின்றதில் பாதிக்கும் குறைவானதையே யானையின் குடல் செரிக்கிறது. அதனாலேயே அது நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தழையும் மரப்பட்டையும் தேடி, பகலிலும் இரவிலும் பெரும்பொழுதை மேய்ச்சலிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. அதன் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு முறை வரிசையாக முளைத்துத் தேய்கின்றன. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல இயலாமல் முதிய யானை நலிந்து மடியும். 1980களில் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சித்தூர்க் காடுகளுக்கு யானைகள் வந்து சேர்ந்தன; 1990இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. காட்டின் முரட்டுத் தழையைவிடக் கரும்பும் வாழையும் எளிதில் செரிப்பன. அவற்றின் சுவை கண்ட யானை வயலுக்கு வருகிறது. குடிபாலா மண்டலத்திலேயே 2023 ஆகஸ்டில் ஒரு கணவனும் மனைவியும் காட்டு யானையால் உயிரிழந்தனர். யானையின் சினத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதன் பெருவயிற்றின் கணக்கையும் அறிந்தால்தான் இத்துயரின் வேர் விளங்கும்.

பல்லில்லாத கோழி இரையை முதலில் கழுத்தடியில் உள்ள பையில் சேர்க்கிறது. பிறகு அது தசை தடித்த அரைவைப் பைக்குச் செல்கிறது. கோழி கொத்தி விழுங்கும் சிறு கற்களே அங்கே எந்திரக் கல்லாகித் தானியத்தை அரைக்கின்றன. கோழி கல் தின்கிறது என்று சிறுபிள்ளைகள் சிரிப்பார்கள். அது தன் பற்களைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொள்கிறது. எல்லாப் பறவையும் அரைத்தே செரிக்கிறதா என்று அறிய, 1752இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஓர் உபாயம் செய்தார். இருபுறமும் துளையுள்ள உலோகக் குழாயில் இறைச்சியை வைத்துத் தாம் வளர்த்த பருந்துக்கு ஊட்டினார். பருந்து குழாயைக் கக்கியபோது அது நசுங்காமலே இருந்தது. உள்ளிருந்த இறைச்சியோ கரைந்திருந்தது. அரைவை இன்றியே வயிற்று நீர் உணவைக் கரைக்கும் என்பது இதனால் விளங்கிற்று.

கொடுப்பதில் நேரும் கேடு

இவ்வளவையும் அறிந்த பின்னர், நம் கையிலிருந்து இவ்வுயிர்களுக்கு என்ன போகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மாட்டுப் பொங்கலன்று பசுவுக்குப் பொங்கலும் பழமும் ஊட்டுவது நம் மரபு. ஒரு கவளம் ஊட்டுவதால் கேடில்லை. ஆனால் தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் தத்தம் பங்குக்குச் சர்க்கரைப் பொங்கலை வாழையிலையோடு வைத்தால், அல்லது கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு முன்னே வைத்தால், அந்த முதல் அறையில் நேர்வது என்ன? நாருக்குப் பழகிய நுண்ணுயிர்களிடையே திடீரென்று மாவுச்சத்து குவிகிறது. அடுப்படி வெப்பத்தில் வைத்த மாவு பொங்கிப் புளித்துக் கெடுவதுபோல், வயிறு அளவுக்கு மீறிப் புளித்துவிடுகிறது. நாரைக் கரைக்கும் நுண்ணுயிர்கள் அப்புளிப்பில் மடிகின்றன. பசு அசைபோடுவதை நிறுத்துகிறது; தள்ளாடிப் படுத்துவிடுகிறது; உடன் சிகிச்சை இல்லையேல் உயிர் பிழைப்பது அரிது. நஞ்சு வைத்தவர் எவருமில்லை. அன்பு வைத்தவர்களே பலர்.

சித்தூர்ச் சீமையில் மாங்காய்க் காலத்தில் வேறோர் ஆபத்து. மெல்லாமல் விழுங்கும் பசு, உதிர்ந்த மாம்பழத்தையோ பெரிய மாங்கொட்டையையோ முழுதாக விழுங்கினால் அது உணவுக்குழலில் சிக்கிவிடலாம். அப்போது ஏப்பம் வெளிவர வழியில்லை. வாயில் எச்சில் வழிய, இடப்பக்கத்து வயிறு தவில்போல் உப்பும். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். இவ்வடையாளங்களைக் கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய கேடு பிளாஸ்டிக் பையே. மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பையிலிட்டு முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் எறிகிறோம். உணவின் மணம் பசுவை இழுக்கிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையில்லை. உணவை மட்டும் பிரித்தெடுக்க நுட்பமான உதடில்லை. பையோடு விழுங்குகிறது. முதல் இரண்டு அறைகளிலிருந்து மூன்றாம் அறைக்குச் செல்லும் வழி ஒரு சல்லடை போன்றது. நன்கு நொறுங்கிய சிறு துணுக்குகளே அதனைக் கடக்கும். பிளாஸ்டிக் நொறுங்குவதில்லை, நுண்ணுயிர்களாலும் கரைவதில்லை. நாயைப்போல் கக்கிவிடவும் பசுவால் முடியாது. ஆகவே ஒவ்வொரு பையும் உள்ளேயே தங்கி, ஒன்றோடொன்று முறுக்கிப் பெரும்பந்தாகிறது. வயிறு நிறைந்திருப்பதால் பசிக்கவில்லை. உணவு இல்லாததால் உடல் மெலிகிறது. நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து சாகும் கொடுமை இது.

2019 அக்டோபரில் சென்னையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக அறுவை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர். ஒரு மூட்டை அரிசியின் எடை அது! ஆந்திரத்தில் புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சொசைட்டி என்னும் விலங்குநலச் சங்கம், இத்தகைய பசுக்களைக் கண்டு மனம் பொறாமல், பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை வந்தது. ஆயினும் சட்டம் தெருமுனை வரையில்தான் வரும். குப்பைப் பையின் முடிச்சை அவிழ்க்க வேண்டியது நம் வீட்டுக் கையே.

ஆணியும் கம்பித் துண்டும் இவ்வாறே உள்ளே செல்கின்றன. கனமான இவை தேன்கூடு போன்ற இரண்டாம் அறையில் தங்குகின்றன. அதற்கு முன்னால், சிறு இடைவெளியில், இதயம் இருக்கிறது. வயிறு சுருங்கி விரியும்போது கூரிய கம்பி சுவரைத் துளைத்து இதயத்தையே குத்திவிடுவதுண்டு. சில நாடுகளில் மாட்டுக்கு ஒரு காந்தத் துண்டை விழுங்கக் கொடுத்து, இரும்பு அங்குமிங்கும் அலையாமல் பிடித்து வைக்கிறார்கள்.

நாய்க்கும் நம்மால் கேடு நேர்வதுண்டு. பச்சை எலும்பு பெரும்பாலும் நசுங்கும். வெந்த கோழி எலும்போ கூரிய சிலாம்பாகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட்டில் உள்ள ஒரு பொருளை நம் உடல் விரைவில் அகற்றிவிடுகிறது; நாயின் உடலோ மெல்லவே அகற்றுவதால் அது நஞ்சாகிறது. சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்குச் சிறிதளவிலும் ஆபத்தானது. ஆகவே குழந்தைகள் தின்னும் இனிப்பில் நாய்க்குப் பங்கு வைக்கலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

இல்லத்தரசியரும் பிள்ளைகளும் எளிதில் கடைப்பிடிக்கக்கூடிய சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

பசுவுக்குக் கொடுக்க விரும்பினால் புல்லோ, நம் முன்னோர் அமாவாசைதோறும் அளித்து வந்த அகத்திக்கீரையோ கொடுங்கள். அகத்தி மாட்டுக்கு ஏற்ற நல்ல தீவனம். கீரைக் கட்டைச் சுற்றியுள்ள கயிற்றையும் ரப்பர் வளையத்தையும் அகற்றிய பின்னரே நீட்டுங்கள். பொங்கலன்று ஒரு கவளம் போதும். மீதிச் சிறப்பை வைக்கோலால் செய்யுங்கள். விருந்தில் மிஞ்சிய சோற்றை மாட்டின் முன்னே கொட்டாமல், பசித்த மனிதருக்குச் சேர்ப்பிக்க வழி தேடுங்கள்.

காய்கறித் தோலைப் பையில் கட்டாமல் வாளியிலோ கூடையிலோ தனியே வையுங்கள். கண்ணாடித் துண்டு, பிளேடு, ஆணி ஆகியவற்றைத் தனித் தகர டப்பாவில் சேர்த்து வைத்துக் குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள். அது பசுவின் வயிற்றை மட்டுமன்றி, அந்த மனிதரின் கையையும் காக்கும்.

தெருநாய்க்குச் சோறு வைத்தால் காரமும் வெங்காயமும் எலும்புச் சிலாம்பும் நீக்கி வையுங்கள். அருகில் ஒரு சட்டியில் தண்ணீரும் வையுங்கள். அது விழுங்குவதைப் பார்த்து, "மென்று தின்" என்று அதட்ட வேண்டாம். அதன் வழி அதற்கு. நம் வழி நமக்கு.

திருமூலர் திருமந்திரத்தில், எல்லோராலும் இயலக்கூடிய எளிய அறங்களுள் ஒன்றாகப் பசுவுக்கு ஒரு வாய் உணவு அளிப்பதைக் கூறியுள்ளார். அந்த ஒரு வாய் பசுவின் வாய்க்கு ஏற்றதாக இருக்கட்டும். டில்லியிலோ பம்பாயிலோ பெங்களூரிலோ, மாடி வீட்டின் சிறு சமையலறையில் ஒரு தாய் குப்பைப் பையின் முடிச்சை அவிழ்த்து உணவை வேறாகவும் பையை வேறாகவும் வைப்பாளாயின், தான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு பசு இன்று மாலை நிம்மதியாக அசைபோடும்.